காரைக்குடியிலிருந்து திருப்பத்தூருக்குக் கோடையில் சைக்கிளில் வேலைக்குப் போகலாமா?

கேள்வி: வீடு காரைக்குடி, வேலை திருப்பத்தூர். ஆபீஸ் காலை 9.30-க்குத் தொடங்கி மாலை 5.30-க்கு விடும். இந்தக் கோடையில் பஸ்ஸை விட்டுவிட்டுச் சைக்கிளில் போய்ப் பார்க்கலாம் என்று ஆசை. வயது 34, நோய் எதுவும் இல்லை. அப்பாவின் பழைய ஹெர்குலிஸ் வீட்டில் நிற்கிறது. அது போதுமா, கியர் சைக்கிள் வாங்கணுமா? "அக்னி நட்சத்திரத்தில் எவனாவது இவ்வளவு தூரம் சைக்கிள் மிதிப்பானா" என்று அம்மா தடுக்கிறார்.

பதில்:

தம்பி, தாராளமாகப் போகலாம். ஆனால் அம்மா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. தூரத்தை வைத்துப் பயந்தால் அது தேவையில்லை, வெயிலை வைத்துப் பயந்தால் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்கு ஒன்பது வருஷம் சைக்கிளில் வேலைக்குப் போய் வந்தவன். மருத்துவமனை லேபில் வேலை என்பதால் வெயிலில் சுருண்டு விழுந்து வருகிறவர்களையும் வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் தூரம். உங்கள் வழி இருபது கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். குன்றக்குடி ஏறக்குறைய பாதி வழி, அதை ஒட்டியே பிள்ளையார்பட்டி. பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது. அப்பா காலத்துச் சைக்கிளில் மணிக்கு 15 கிலோமீட்டர் போனால் ஒரு மணி 25 நிமிஷம் ஆகும். 34 வயசுக்காரருக்கு இது மலையைப் புரட்டுகிற காரியம் இல்லை. தொடையும் முட்டியும் ஒரு வாரம் முனகும், பிறகு பழகிவிடும்.

சிக்கல் சூட்டில்தான். நாம் சைக்கிள் மிதிக்கச் செலவழிக்கிற சக்தியில் கால் பங்குக்கும் குறைவாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. மீதி முழுவதும் உடம்புக்குள்ளேயே சூடாக மாறுகிறது. மிதமான வேகத்தில் ஒரு மணி நேரம் மிதித்தால் ஏறக்குறைய 300 கலோரி சூட்டை உடம்பு வெளியே தள்ளியாக வேண்டும். வெளியே 38 டிகிரி இருக்கும்போது காற்று நம் சூட்டை வாங்கிக்கொள்ளாது, திருப்பிக் கொடுக்கும். மிச்சம் இருக்கிற ஒரே வழி வியர்வை. அதுவும் ஆவியானால்தான் பலன். ஒரு லிட்டர் வியர்வை முழுசாக ஆவியானால் 580 கலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். சொட்டிக் கீழே விழுந்த வியர்வையால் நயாபைசா பிரயோஜனம் இல்லை.

இதை வைத்து நம் ஊர் காலையையும் மாலையையும் பாருங்கள். சித்திரையில் விடியற்காலை ஐந்தரை மணிக்குக் காற்று 26, 27 டிகிரியில் இருக்கும், ஆனால் ஈரம் அதிகம். சட்டை ஒட்டிக்கொள்ளும், நெற்றியிலிருந்து வழியும், "ஐயோ இவ்வளவு வேர்க்குதே" என்று தோன்றும். பயப்பட வேண்டாம், காற்று குளிர்ச்சியாக இருப்பதால் உடம்பு சமாளித்துவிடும். மாலை ஐந்தரைக்குச் சங்கதி வேறு. காற்று காய்ந்திருக்கும், வியர்க்க வியர்க்க உலர்ந்துவிடும், சட்டை நனையவே நனையாது. "அப்படியொன்றும் வேர்க்கலையே" என்று தண்ணீர் குடிக்காமல் மிதிப்போம். உண்மையில் அதிகம் இழப்பது அப்போதுதான். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அதுதான் சாட்சி.

ஆகவே உங்கள் முடிவு முழுக்க நேரத்தைப் பொறுத்தது. காலையில் 5.30-க்குக் கிளம்புங்கள். ஏப்ரல் நடுவில் சூரியன் ஆறு மணியை ஒட்டி உதிக்கும், மே மாதம் அதற்குச் சில நிமிஷம் முன்பே உதித்துவிடும். குன்றக்குடியில் மலைக்கோயில் கண்ணில் படும்போதுதான் வெளிச்சம் ஏறிக்கொண்டிருக்கும். ஏழு மணிக்குத் திருப்பத்தூர். ஆபீஸுக்கு இரண்டரை மணி நேரம் கிடக்கிறதே என்று யோசிக்காதீர்கள். போனவுடன் குளிக்கக் கூடாது. கால் மணி நேரம் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து உடம்பு ஆறிய பிறகு குளித்தால்தான் மறுபடி வியர்க்காது. பிறகு சட்டை மாற்றி, இட்லி சாப்பிட்டு, பேப்பர் படித்து முடிக்க மணி ஒன்பதாகிவிடும். 8 மணிக்குக் கிளம்பி 9.25-க்கு ஆபீஸ் வாசலில் இறங்குகிற திட்டம் இருந்தால் மட்டும் இந்த யோசனையைக் கார்த்திகைக்குத் தள்ளி வையுங்கள்.

திசையில் உங்களுக்கு ஒரு யோகம் இருக்கிறது. திருப்பத்தூர் காரைக்குடிக்கு மேற்கே. காலையில் மேற்கே போகிறீர்கள், மாலையில் கிழக்கே திரும்புகிறீர்கள். இரண்டு வேளையும் வெயில் முதுகில்தான். திருப்பத்தூரில் வீடு வைத்துக் காரைக்குடிக்கு வருகிறவருக்கு இரண்டு வேளையும் கண்ணில் அடிக்கும். ஆனால் இதில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. உங்களுக்கு முதுகில் இருக்கிற சூரியன் எதிரே வருகிற டிரைவருக்குக் கண்ணில். முன்னால் போகிற லாரியை முந்த அவர் வெளியே வந்தால், அவர் கண்ணுக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். எதிரே ஒரு வண்டி இன்னொன்றை முந்தப் பார்க்கிறது என்று பட்டால் யோசிக்காமல் மண்ணில் இறக்கிவிடுங்கள்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். விடியற்காலையில் காற்று அனேகமாக இருக்காது. சித்திரையில் மாலை நேரம் கடல் பக்கமிருந்து கொண்டல் வீசும்போது நீங்கள் கிழக்கே வருவதால் எதிர்க்காற்று. மணிக்கு 15 போகிற இடத்தில் 12 தான் போகும். அதை எதிர்த்து வேகம் கூட்டப் பார்க்காதீர்கள். வேகத்தை 15-லிருந்து 20 ஆக்கினாலே காற்றைக் கிழிக்க மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் உழைக்க வேண்டும், அந்த உழைப்பெல்லாம் உடம்பில் சூடாக இறங்கும். ஆனி, ஆடியில் மேல்காற்று தொடங்கினால் நிலைமை தலைகீழ்: காலையில் இழுவை, மாலையில் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விடும்.

இப்போது முக்கியமான விஷயம், எப்படித் தொடங்குவது. வெயில் பழகுவது மனசு சம்பந்தப்பட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, உடம்பில் நிஜமாகவே மாற்றம் நடக்கிறது. தினமும் ஒரு மணி நேரம் சூட்டில் உழைத்தால், ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை முன்கூட்டியே சுரக்கத் தொடங்குகிறது, வியர்வையில் வீணாகிற உப்பு குறைகிறது, அதே வேலைக்கு இதயம் துடிக்கிற வேகமும் இறங்குகிறது. இந்த இரண்டு வாரத்தை உடம்புக்குக் கொடுக்காமல் கத்திரி வெயிலில் திடீரென்று இறங்குகிறவர்கள்தான் விழுகிறார்கள். அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி அந்த மாதக் கடைசியில் முடியும். நீங்கள் ஏப்ரல் முதல் வாரத்திலேயே மிதிக்கத் தொடங்கிவிட்டால் கத்திரி வரும்போது உடம்பு தயாராக இருக்கும். இடையில் இரண்டு மூன்று வாரம் விட்டுவிட்டால் பழகியது போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதல் இரண்டு வாரத்துக்கு நான் சொல்கிற ஏற்பாடு: திங்கள் காலை சைக்கிளில் போங்கள், சைக்கிளை ஆபீஸிலேயே பூட்டி வைத்துவிட்டு மாலையில் பஸ்ஸில் வாருங்கள். செவ்வாய் காலை பஸ், மாலை சைக்கிள். புதன் மறுபடி காலை சைக்கிள். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் வழியாக மதுரை பஸ் அடிக்கடி இருப்பதால் உங்களுக்கு இது சுலபம். தினம் ஒரு நடைதான், ஆனால் உடம்புக்குத் தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கிடைத்துவிடும். மூன்றாம் வாரத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள் போக வர சைக்கிள், பிறகு நான்கு நாள். முதல் வாரத்தை வைத்து "இது நமக்கு ஆகாது" என்று முடிவு கட்டாதீர்கள். முதல் வாரம் எல்லோருக்கும் மோசம்தான்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். நான் சைக்கிளில் போகத் தொடங்கியதே ஒரு மே மாதம். மூன்றாவது நாள் காலை ஷிப்ட் முடிந்து மதியம் இரண்டரைக்குக் காரைக்குடியிலிருந்து கிளம்பினேன். தார் இளகி டயரில் சிணுங்குகிற சத்தம் கேட்டது. அமராவதிபுதூர் தாண்டியதும் அந்த வெயிலில் எனக்குக் குளிர்ந்தது. கையைப் பார்த்தால் மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நிற்கிறது. தோல் காய்ந்திருந்தது. அது என்ன அறிகுறி என்று படித்துத் தெரிந்தவன் நான், ஆனாலும் அந்த நேரத்தில் புத்தி வேலை செய்யவில்லை, "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்றுதான் ஓடியது. புளியமரத்தடியில் நுங்கு வெட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் சைக்கிள் தள்ளாடுவதைப் பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, எறங்கி உக்காருங்க மொதல்ல" என்று அதட்டினார். குடத்துத் தண்ணீரைத் தலையில் ஊற்றினார், என் துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டார், குடிக்கக் கொடுக்கும்போது "மடக் மடக்குனு குடிக்காதீங்க, ஒவ்வொரு வாயா" என்றார். முக்கால் மணி நேரம் அங்கேயே கிடந்தேன். மருத்துவமனையில் முதலுதவியாகச் செய்வதும் அதேதான்: நிழல், நனைப்பது, விசிறுவது, பிறகு வாய் வாயாகத் தண்ணீர்.

வெயிலில் புல்லரிப்பு, தலைவலி, குமட்டல், கண் இருட்டுவது, கெண்டைக்கால் சுளுக்கிப் பிடிப்பது இதில் எது வந்தாலும் அன்றைய பயணம் முடிந்தது. இறங்கி நிழலில் உட்கார்ந்து உடம்பை நனையுங்கள், அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள். பேச்சு குழறினாலோ, எங்கே இருக்கிறோம் என்று குழம்பினாலோ அது வெப்ப மயக்கத்தைத் தாண்டிய வெப்ப வாதம் (ஹீட் ஸ்ட்ரோக்). உடம்புச் சூடு 40 டிகிரிக்கு மேல் போயிருக்கும், 108-ஐ அழைக்க வேண்டும், வண்டி வரும்வரை தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதை உங்கள் அம்மாவுக்கும் ஆபீஸில் ஒருவருக்கும் சொல்லி வையுங்கள். குழம்பிய நிலையில் நீங்களே முடிவெடுக்க முடியாது.

தண்ணீர் விஷயத்தில் ஒரு கணக்கு இருக்கிறது, அளந்து பார்த்துவிடலாம். கிளம்பும் முன் எடை பாருங்கள், போய்ச் சேர்ந்து துடைத்துக்கொண்ட பிறகு பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர் தண்ணீர். வழியில் குடித்ததையும் சேர்த்துக்கொண்டால் மணிக்கு எவ்வளவு வியர்க்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும். பெரும்பாலோருக்கு மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை இருக்கும். எடையில் இரண்டு சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. நீங்கள் 65 கிலோ என்றால் 1.3 கிலோ. இந்த எடை பார்க்கிற வேலையைக் காலையில் ஒரு நாள், மாலையில் ஒரு நாள் செய்தால் போதும்.

வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் தப்பு, ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். நம் வீட்டில் இருப்பதே இதற்குப் போதும். கிளம்பும் முன் ஒரு செம்பு நீராகாரம், உப்புப் போட்டு, கூட ஒரு வாழைப்பழம். வயிறு முட்டப் பழைய சோறு வேண்டாம், குனிந்து மிதிக்கும்போது மேலே வரும். மாலையில் கிளம்பும் முன் உப்புப் போட்ட மோர் அல்லது கம்பங்கூழ். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், வியர்வையில் போகிற சோடியம் குறைவு. ஒரு சிட்டிகை உப்புக் கலந்து குடியுங்கள். பாட்டிலில் ஊற்றிக்கொண்டு போக, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, எலுமிச்சை பிழிந்தது. தேக்கரண்டி தலை தட்டி இருக்க வேண்டும். உப்பு கூடினால் கெடுதல். பகல் பதினொரு மணிக்கு மேலும் சிறுநீர் போகவில்லை என்றாலோ, போவது அடர் மஞ்சளாக இருந்தாலோ அன்று மாலை பஸ்.

ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிகிற மாத்திரை எடுப்பவர்கள், சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது. உங்களுக்கு அது இல்லை. ஆனால் காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்த நாளும், இரவு தூங்காத நாளும் உங்களுக்கும் பஸ்தான்.

வழியைப் பற்றி: அகன்ற நெடுஞ்சாலையில் வழவழவென்று போகலாம், ஆனால் நிழலே கிடையாது, வண்டிகளும் பறக்கும். ஊர்களுக்குள் நுழைந்து போகிற பழைய சாலை எங்கெல்லாம் கிடைக்கிறதோ அதைப் பிடியுங்கள். புளியமரமும் ஊருணிக்கரையும் டீக்கடையும் அங்கேதான் இருக்கின்றன. கோடையில் வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல் போட்டிருப்பார்கள், கூச்சப்படாமல் இறங்கி மோர் வாங்கிக் குடியுங்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளின் திண்ணையில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். தடித்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் வெயிலை எப்படி வெளியே நிறுத்துகிறது என்பது மிதித்துக் களைத்து வருகிறவனுக்குத்தான் முழுசாகப் புரியும். பிள்ளையார்பட்டியில் தமிழ் வருஷப் பிறப்பு, சங்கடஹர சதுர்த்தி நாட்களிலும், குன்றக்குடியில் பங்குனி உத்திரத்திலும் வேன்கள் நெருக்கியடிக்கும். காலண்டரில் குறித்துக்கொண்டு அன்றைக்குச் சைக்கிளை எடுக்காதீர்கள். குன்றக்குடிப் பக்கம் மயில் சட்டென்று குறுக்கே வரும், அதற்கும் பிரேக்கில் விரல் இருக்கட்டும்.

மாலையில் ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினால் ஆறரைக்குச் சூரியன் விழுந்து, கடைசி ஏழெட்டுக் கிலோமீட்டர் இருட்டில்தான். பழைய டைனமோ மெதுவாகப் போனால் மங்கும், நின்றால் அணையும். ஒரு எல்இடி முன்விளக்கும், பின்னால் சிவப்பு விளக்கும் கட்டாயம் வாங்குங்கள், நான் உங்களைச் செலவு செய்யச் சொல்கிற ஒரே பெரிய பொருள் அதுவும் ஹெல்மெட்டும்தான். பகலெல்லாம் காய்ந்த தார் ரோடு இருட்டிய பிறகும் கதகதப்பாக இருக்கும், பாம்பு வந்து படுக்கும். ஓரத்து நிழலில் சக்கரத்தை விடாமல் வெளிச்சம் விழுகிற இடத்தில் விடுங்கள்.

சைக்கிளுக்கு வருகிறேன். கியர் சைக்கிள் இப்போது வேண்டாம். சமதளத்தில் இருபது கிலோமீட்டருக்கு ஹெர்குலிஸ் தாராளம். இரண்டு மாதம் மிதித்த பிறகும் ஆசை இருந்தால் அப்போது வாங்குங்கள், உங்களுக்கு எது வேண்டும் என்பதும் அதற்குள் தெரிந்திருக்கும். பழைய வண்டியை ஓவரால் செய்யக் கொடுங்கள்: பெடல் அச்சு சுழல்கிற பெட்டி, ஃப்ரீவீல், இரண்டு ஹப்பும் பிரித்து கிரீஸ், புது பிரேக் கட்டை, டயரில் வெடிப்பு இருந்தால் புது டயர். பழைய மாதிரி வால்வாக இருந்தால் வால்டியூப் ரப்பர் வெயிலில் சீக்கிரம் இற்றுப்போகும், இரண்டு துண்டு பர்ஸில் இருக்கட்டும். வெயிலில் நிறுத்தாதீர்கள், பழைய பஞ்சர் ஒட்டு இளகிவிடும். செம்மண் புழுதி செயினில் ஏறினால் எண்ணெயோடு சேர்ந்து பற்களை அரம் மாதிரி தேய்க்கும். வாரம் ஒருமுறை துணியால் துடைத்துவிட்டு, ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு எண்ணெய், மீதியைத் துடைத்துவிட வேண்டும்.

நம் சாலையில் பஞ்சருக்கு முதல் காரணம் சீமைக்கருவேல முள். முள் ஏற்றிப் போகிற டிராக்டர் சிந்திவிட்டுப் போகும். முள் குத்தியது தெரிந்தால் கடை பக்கத்தில் இல்லாதவரை அதைப் பிடுங்காதீர்கள். முள்ளே துளையை அடைத்துக்கொண்டிருக்கும், காற்றடித்து அடித்து ஊர் வரை வந்துவிடலாம். பிடுங்கினால் அந்த இடத்திலேயே தள்ள வேண்டியதுதான்.

பையை முதுகில் மாட்டாதீர்கள், கேரியரில் கட்டுங்கள். முதுகு மூடினால் வியர்வை ஆவியாக இருக்கிற பெரிய இடம் அடைபட்டுப்போகும். முழுக்கைப் பருத்திச் சட்டை, கழுத்தில் நனைத்த துண்டு. ஆபீஸில் இரண்டு செட் துணி திங்கட்கிழமையே கொண்டுபோய் வைத்துவிடுங்கள்.

கத்திரி நாட்களில் மாலைப் பயணம் கனமாகத் தோன்றினால் காலை மட்டும் சைக்கிள், மாலை பஸ், மறுநாள் ஆபீஸில் கிடக்கிற சைக்கிளை இருட்டிய பிறகு எடுத்து வாருங்கள். நான் பல வருஷம் அந்த மூன்று வாரத்தை அப்படித்தான் கடத்தினேன்.

வண்டியை இந்த வாரமே கடையில் விட்டுவிடுங்கள். பரீட்சை முடிந்துவிட்டால் பிள்ளைகளின் சைக்கிள் வரிசையில் நிற்கும், உங்கள் வேலை தள்ளிப்போகும். வாங்க வரும்போது சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்துப் பாருங்கள், கால் நேராக நீண்டிருக்க வேண்டும். பெரும்பாலும் சீட் தாழ்ந்துதான் இருக்கும். அங்கேயே உயர்த்தித் தரச் சொல்லுங்கள்.